எச்.ஐ.வி: இரத்தத்தில் இருப்பதும், மருந்து தொடங்கும் நாளும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

நோய்களின் வரலாறு பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து இன்பொக்ஸில் நிறையக் கேள்விகள் வருகின்றன. அவற்றில் ஒன்று என்னை விட்டுப் போகவில்லை. "சேர், சிலருடைய இரத்தத்தில் எச்.ஐ.வி. பிடிக்காதாமே? பிடித்தாலும் சிலருக்கு ஒன்றும் செய்யாதாமே? அப்படியென்றால் நல்ல சுகமாக இருக்கிற ஆள் ஏன் டெஸ்ட் பண்ண வேண்டும்? ஏன் வாழ்நாள் முழுக்கக் குளிசை போட வேண்டும்?"

கேட்டவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவரை நினைத்தால் பயமாக இருக்கிறது. நான் கலாசாலையில் வரலாறு படித்தவன், வைத்தியன் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு வரலாறாகத்தான் இருக்கிறது. விஞ்ஞானிகளே முப்பது வருடம் இதைப் பற்றி வாதாடியிருக்கிறார்கள். ஒரு தடவை அல்ல, மூன்று நான்கு தடவை முடிவை மாற்றியிருக்கிறார்கள்.

முதலில் இரத்தத்தின் கதை.

ஸ்டீவ் குரோன் என்பவர் நியூயோர்க்கில் வாழ்ந்த ஓவியர். 1982இல் அவருடைய துணைவர் ஜெரி கிரீன் இறந்துபோனார். லொஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த வழமைக்கு மாறான நுரையீரல் நோய் பற்றி அமெரிக்க சுகாதாரத்துறையின் வாராந்த அறிக்கை எழுதி (1981 ஜூன் 5) அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நோய்க்குக் காரணமான வைரஸை பாரிஸில் பாஸ்டியர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மொன்டானியே குழுவினர் கண்டது 1983இல். அதாவது எதனால் சாகிறோம் என்று தெரியாமலே சனம் செத்துக்கொண்டிருந்த காலம். குரோனின் நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அவர் மட்டும் போகவில்லை. தொற்றக்கூடிய எல்லா வாய்ப்பும் இருந்தும் அவருக்குத் தொற்றவே இல்லை.

இப்படியான இடத்தில் பலர் "தப்பினேன்" என்று ஒதுங்கியிருப்பார்கள். குரோன் ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் போனார். என் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்றார். 1990களின் நடுவில் நியூயோர்க்கின் ஏரன் டயமண்ட் எயிட்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் பில் பக்ஸ்டன் என்ற விஞ்ஞானி அவருடைய வெண்குருதிக் கலங்களை எடுத்து வைரஸோடு கலந்து பார்த்தார். தொற்றவில்லை. வைரஸின் அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். அப்போதும் தொற்றவில்லை.

1996இல் காரணம் தெரிய வந்தது. எச்.ஐ.வி. நமது நிர்ப்பீடனத் தொகுதியின் சீ.டி.4 கலங்களுக்குள்தான் புகுகிறது என்பது ஏற்கெனவே தெரியும். ஆனால் அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு இல்லை, இரண்டு. சீ.டி.4 என்பது ஒன்று. சீ.சீ.ஆர்.5 என்ற புரதம் மற்றது. இரண்டும் இருந்தால்தான் வைரஸ் உள்ளே போகும். குரோனுக்கு அந்த இரண்டாவது புரதத்தை ஆக்கும் பரம்பரை அலகில் 32 எழுத்துகள் விடுபட்டிருந்தன. தாயிடமிருந்து வந்த பிரதியிலும் இல்லை, தகப்பனிடமிருந்து வந்த பிரதியிலும் இல்லை. அதனால் அவருடைய கலங்களின் மேற்பரப்பில் அந்தப் பூட்டே கிடையாது. திறப்பு இருந்தும் வைரஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை. (வேறொரு புரதத்தைப் பிடித்து உள்ளே போகும் வைரஸ் வகையும் உண்டு. ஆகவே இதுகூட நூறு வீதப் பாதுகாப்பு இல்லை.)

ஆக, "சிலருக்குப் பிடிக்காது" என்பது உண்மை. ஆனால் அந்தச் சிலர் யார்? இரண்டு பிரதியிலும் இந்த விகாரம் உள்ளவர்கள் வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். ஆபிரிக்காவிலும் கிழக்காசியாவிலும் நம்முடைய தெற்காசியாவிலும் இது மிக மிக அரிது. எங்கள் ஊர்களில் "நம்ம ஆட்களுக்கு வராது" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். பரம்பரை அலகைக் கணக்குப் பார்த்தால் நாம்தான் பூட்டோடு பிறந்தவர்கள், வைரஸ் வந்து திறக்கக்கூடிய பூட்டு.

குரோன் 2013இல் 66 வயதில் இறந்தார். வைரஸால் அல்ல. எழுபது எண்பது நண்பர்களைப் புதைத்துவிட்டு வாழ்வது எப்படி இருக்கும் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு. எண்ணிக்கை என் ஊகம், ஆனால் அந்தக் காலத்து நியூயோர்க்கில் அது பெரிய எண்ணிக்கையே இல்லை.

அவருக்கிருந்த அதே விகாரம் இன்னொரு மனிதரைக் குணப்படுத்தியது. திமோதி ரே பிரவுன் என்ற அமெரிக்கருக்கு பேர்லினில் வசிக்கும்போது 1995இல் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. 2006இல் குருதிப் புற்றுநோயும் வந்தது. என்பு மச்சை மாற்றிடு செய்தாக வேண்டும். சாரிட்டே வைத்தியசாலையில் டொக்டர் கேரோ ஹுட்டர் ஒரு யோசனை செய்தார்: எப்படியும் ஒருவரின் மச்சையை ஏற்றத்தான் போகிறோம், சீ.சீ.ஆர்.5 இல்லாத ஒருவரின் மச்சையைத் தேடி ஏற்றினால் என்ன? பொருந்தக்கூடிய கொடையாளிகளை ஒவ்வொருவராகப் பரிசோதித்து 61ஆவது ஆளிடம் கண்டுபிடித்தார்கள். 2007இல் ஒரு மாற்றிடு, புற்றுநோய் திரும்பி வந்ததால் 2008இல் இன்னொன்று. வைரஸ் போய்விட்டது. திரும்பி வரவே இல்லை. 2020இல் பிரவுன் இறந்தது புற்றுநோயால்தான். ஆனால் அந்தச் சிகிச்சையில் அவர் சாவின் வாசல் வரை போய் வந்தார். புற்றுநோயும் உள்ள ஒருவருக்கு மட்டுமே நியாயப்படுத்தக்கூடிய ஆபத்து அது.

கேள்வியின் இரண்டாவது பாதி, "பிடித்தாலும் ஒன்றும் செய்யாது" என்பது. அப்படியானவர்களும் இருக்கிறார்கள். மருந்தே இல்லாமல் வைரஸை வருடக்கணக்கில் அடக்கி வைப்பவர்கள், தொற்றியவர்களில் முந்நூறில் ஒருவர் அளவில். பொஸ்டனில் டொக்டர் புரூஸ் வோக்கர் இவர்களைப் பின்தொடர்ந்தார். 2010இல் இப்படியான ஏறத்தாழ 1000 பேரின் பரம்பரைத் தகவலை, சாதாரணமாக நோய் முற்றியவர்களுடையதோடு ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு வந்தது. எல்லாம் எச்.எல்.ஏ. என்ற ஒரே இடத்தில் வந்து நின்றது. தொற்றிய கலம், தனக்குள் இருக்கும் வைரஸின் துண்டொன்றை வெளியே நீட்டிக் காட்டி "என்னை அழியுங்கள்" என்று காவற்கலங்களுக்குச் சொல்லும் ஏற்பாடு இது. எச்.எல்.ஏ.-பி57 என்ற வகை உள்ளவர்களின் கலம் வைரஸின் முக்கியமான துண்டுகளைச் சரியாகப் பிடித்துக் காட்டுகிறது.

ஆனால் பி57 இருந்தும் நோய் முற்றியவர்கள் ஏராளம். அது வாய்ப்பைக் கூட்டும், உத்தரவாதம் தராது.

இதிலே ஒரு வேடிக்கை. அபகாவிர் என்றொரு எச்.ஐ.வி. மருந்து 1998இல் வந்தது. அதைக் குடித்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் கடுமையான ஒவ்வாமை, சிலருக்கு உயிராபத்து. யாருக்கு வரும் என்று தெரியாது. 2002இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் சைமன் மலால் குழுவினர் கண்டுபிடித்தார்கள்: ஒவ்வாமை வருவது பி57 குடும்பத்தின் 5701 வகை உள்ளவர்களுக்கு. வைரஸுக்கு எதிராகக் கைகொடுக்கிற அதே குடும்பம் மருந்துக்கு எதிராகவும் கிளம்பிவிடுகிறது! 2008இல் கிட்டத்தட்ட 2000 பேரை வைத்துச் செய்த பரிசோதனையில், முன்கூட்டியே இரத்தத்தில் இந்த வகையைப் பார்த்து விலக்கியபோது உறுதிப்படுத்தப்பட்ட ஒவ்வாமை ஒன்றுகூட வரவில்லை. பரம்பரை அலகு பற்றிய ஆராய்ச்சி சாதாரண நோயாளிக்கு நேரடியாகப் பயன்பட்ட இடம் எது என்று கேட்டால் நான் பிரவுனைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

சரி, அரிய பரம்பரை இல்லாத மற்ற எல்லோருக்கும்? அங்கேதான் நேரம் வருகிறது. எப்போது மருந்து தொடங்குவது என்ற வாதம்.

முதல் மருந்து ஏ.இசட்.டி. 1986இல் அமெரிக்காவில் 282 நோயாளிகளில் பரிசோதித்தார்கள். வெறும் மாத்திரை கொடுத்த பக்கத்தில் 19 பேர் இறந்தார்கள், மருந்து கொடுத்த பக்கத்தில் ஒருவர். பரிசோதனையை இடையில் நிறுத்தி எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். 1987 மார்ச்சில் அனுமதி. நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நடுச்சாமத்திலும் அலாரம் வைத்து எழும்பிக் குடிக்க வேண்டிய மருந்து. குருதிச்சோகை வரும், வயிற்றைப் பிரட்டும்.

சாகக் கிடந்தவருக்கு உதவிய மருந்தை நோய் அறிகுறி இல்லாதவருக்கு முதலிலேயே கொடுத்தால் இன்னும் நல்லதுதானே? யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பிரித்தானியாவும் பிரான்ஸும் சேர்ந்து இதைப் பரிசோதித்தன. கொன்கோர்ட் என்று பெயர். 1749 பேர். பாதிப்பேருக்கு உடனே, மீதிப்பேருக்கு அறிகுறி வந்தபின். மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள்: உடனே தொடங்கியவர்களில் நூற்றுக்கு 92, காத்திருந்தவர்களில் 94. எந்தப் பலனும் இல்லை. 1993இல் இந்த முடிவு வெளிவந்தபோது நோயாளிகளும் வைத்தியர்களும் இடிந்து போனார்கள். "முன்கூட்டிக் குடித்துப் பிரயோசனமில்லை" என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. நம் கேள்வியின் வேர்களில் ஒன்று இங்கேயும் இருக்கலாம்.

கொன்கோர்ட் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்னது ஒரே மருந்தைத் தனியாகக் கொடுப்பதைப் பற்றி. வைரஸ் மிக வேகமாக உருமாறும். ஒரு மருந்தை விரைவிலேயே தாண்டிவிடும். எவ்வளவு வேகம் என்பது 1995 ஜனவரியில் தெரிந்தது. டேவிட் ஹோவும் ஜோர்ஜ் ஷோவும் தனித்தனியாக வெளியிட்ட ஆய்வுகள், "அமைதியாக இருக்கிறது" என்று எல்லோரும் நினைத்த அந்த எட்டுப் பத்து வருடத்திலும் உடம்புக்குள் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் வைரஸ் பிறந்து அழிந்துகொண்டிருப்பதைக் காட்டின. வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். அடியில் குழாய் உடைந்து ஒழுகுகிறது, மேலே மோட்டர் விடாமல் இறைக்கிறது. மட்டம் குறையவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுகமாக இருக்கிறேன் என்று ஒருவர் சொல்லும்போது உள்ளே நடப்பது இதுதான். மோட்டர் களைக்கும் நாளில்தான் வெளியே தெரியும்.

அதே வருடம் ஹோ எழுதினார்: ஆரம்பத்திலேயே அடியுங்கள், பலமாக அடியுங்கள். 1996 ஜூலையில் வன்கூவர் மாநாட்டில் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்த முடிவுகள் வந்தன. படுக்கையில் கிடந்தவர்கள் எழும்பி வேலைக்குப் போனார்கள். டைம் சஞ்சிகை அந்த வருடத்தின் மனிதர் என்று ஹோவை அட்டையில் போட்டது.

பிறகு மறுபடியும் பின்வாங்கல். 1997இல் ரொபர்ட் சிலிசியானோவும் வேறு குழுக்களும், மருந்து எவ்வளவு வேலை செய்தாலும் வைரஸ் நினைவுக் கலங்களுக்குள் தூங்கிக்கொண்டு ஒளிந்திருப்பதைக் காட்டினார்கள். சில வருடம் குடித்தால் வேரோடு போய்விடும் என்ற கனவு முடிந்தது. அந்தக் காலத்து மருந்துகளும் லேசானவை அல்ல. கன்னம் ஒட்டிப் போவது, கொழுப்பு இடம் மாறுவது, ஒரு நாளைக்குக் கைநிறையக் குளிசை. 2001இல் அமெரிக்க வழிகாட்டல் சீ.டி.4 எண்ணிக்கை 350க்குக் குறையும்வரை பொறுக்கலாம் என்றது. வறிய நாடுகளுக்கு உலக சுகாதார தாபனம் சொன்ன எல்லை 200. (சுகமான ஒருவருக்கு இது 500க்கு மேல் இருக்கும்.)

பொறுக்கலாம் என்றால், ஏற்கெனவே குடிப்பவர்கள் இடைக்கிடை நிறுத்தவும் செய்யலாமே? அது நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. ஸ்மார்ட் என்ற ஆய்வில் 5472 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பக்கம் விடாமல் குடிக்கும். மறுபக்கம் எண்ணிக்கை 350க்கு மேலிருந்தால் நிறுத்தி, 250க்கு இறங்கினால் மறுபடி தொடங்கும். 2006 ஜனவரியில் ஆய்வை அவசரமாக நிறுத்தினார்கள். நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் நிறுத்திய பக்கத்தில் 120, விடாமல் குடித்த பக்கத்தில் 47. யாரும் எதிர்பார்க்காதது ஒன்றும் இருந்தது: மருந்தின் பக்கவிளைவு என்று பயந்த இருதய, சிறுநீரக, ஈரல் நோய்கள்கூட மருந்தை நிறுத்தியவர்களுக்குத்தான் கூடுதலாக வந்தன. கட்டுப்படாத வைரஸ் நிர்ப்பீடனத் தொகுதியை ஓயாமல் கொதிநிலையில் வைத்திருக்கிறது. அந்தக் கொதிப்பு உறுப்புகளை அரிக்கிறது.

2011இல் வாழ்க்கைத் துணைகள் பற்றிய ஆய்வு வந்தது. எச்.பி.டி.என். 052. ஒருவருக்குத் தொற்று உள்ள, மற்றவருக்கு இல்லாத 1763 சோடிகள், ஒன்பது நாடுகளில். அதில் ஒரு நிலையம் சென்னையில் இருந்தது: 1986இல் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்த டொக்டர் சுனிதி சொலமன் ஆரம்பித்த வை.ஆர்.ஜி. கேர். தொற்றுள்ளவரின் வைரஸையும் புதிதாகத் தொற்றிய துணையின் வைரஸையும் பரம்பரை எழுத்தில் ஒப்பிட்டு, துணையிடமிருந்துதான் வந்தது என்று உறுதியானவை 28. அந்த 28இல் முன்கூட்டி மருந்து தொடங்கிய பக்கத்தில் வந்தது ஒன்றே ஒன்று. 27 பேருக்குத் தொற்றியது காத்திருந்த பக்கத்தில். மருந்து குடிப்பவர் தன்னை மட்டும் காப்பதில்லை என்று அதற்கு முன்பும் ஊகித்தார்கள். இப்போது எண்ணிக்கையே வந்துவிட்டது.

கடைசி வாதத்தை முடித்தது ஸ்டார்ட். 35 நாடுகள், 4685 பேர், எல்லோரும் சீ.டி.4 500க்கு மேல் உள்ள, சுகமாக இருக்கிற ஆட்கள். அதாவது சரியாக இன்பொக்ஸ் கேள்வியில் வந்த ஆள். 2015 மே மாதம், திட்டமிட்டதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்பாகவே முடிவைச் சொல்லிவிட்டார்கள். கடும் நோய் அல்லது மரணம்: காத்திருந்தவர்களில் 96, உடனே தொடங்கியவர்களில் 42. ஐவரிகோஸ்டில் 2056 பேரில் செய்த டெம்ப்ரானோ ஆய்வும் அதே பக்கம். உலக சுகாதார தாபனத்தின் எல்லை 200இலிருந்து 2010இல் 350, 2013இல் 500 என்று ஏறி வந்து, 2015 செப்டெம்பரில் எல்லையே இல்லாமல் போனது. தொற்று இருக்கிறதா, தொடங்குங்கள். அவ்வளவுதான்.

இந்த இரண்டு கதையும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிரான்ஸில் விஸ்கொன்டி என்ற ஆய்வு, 2013இல் வந்தது. 14 பேர். தொற்றி ஏறக்குறைய பத்து வாரத்துக்குள் மருந்து தொடங்கியவர்கள். மூன்று வருடம் அளவில் குடித்து, பல காரணங்களால் நிறுத்தியவர்கள். நிறுத்தினால் வழமையாகச் சில வாரத்தில் வைரஸ் பாய்ந்து வரும். இவர்களுக்கு ஏழு வருடத்துக்கு மேலாகியும் அடங்கியே இருந்தது. பி57 மாதிரி நல்ல பரம்பரை இருக்கும் என்று தேடிப் பார்த்தார் அசியே சாயெஸ்-சிரியோன். இல்லை. நோயை வேகமாக முற்றச் செய்யும் என்று பெயரெடுத்த பி35 போன்ற வகைகள்தான் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. மோசமான சீட்டோடு பிறந்தவர்கள், சரியான நேரத்தில் மருந்து கிடைத்ததால் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

இதை வாசித்துவிட்டு யாரும் குளிசையை நிறுத்திப் பார்க்க வேண்டாம். அமெரிக்காவின் மிசிசிப்பியில் 2010இல் பிறந்த ஒரு குழந்தைக்கு 30 மணித்தியாலத்தில் மருந்து தொடங்கினார்கள். 18 மாதத்தில் மருந்து நின்றுபோனது. வைரஸைக் காணவில்லை. குணமாகிவிட்டது என்று 2013இல் உலகமே கொண்டாடியது. இரண்டு வருடத்துக்கு மேல் ஒன்றுமில்லாமல் இருந்து, 2014 ஜூலையில் திரும்பி வந்த செய்தி வந்தது.

பிள்ளைகள் விடயத்தில் நாம் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. தாய்க்குக் கர்ப்ப காலத்தில் மருந்து கொடுத்தால் பிள்ளைக்குத் தொற்றுவது நூற்றுக்கு 25இலிருந்து 8 ஆகக் குறையும் என்று 1994இல் அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வு காட்டியது. இன்றைய மருந்துகளோடு அது ஒன்றுக்கும் கீழே. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார தாபனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. மிட்வைஃப் மிஸ் கிளினிக் கார்ட்டோடு இரத்தம் எடுக்க அனுப்பும்போது "எனக்கு எதற்கு இந்த டெஸ்ட்" என்று முகம் சுளிக்கிற மருமக்களும், அதைவிட அதிகமாகச் சுளிக்கிற மாமிமாரும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. எல்லாத் தாய்க்கும் எடுப்பதால்தான் அந்தச் சான்று வந்தது.

மற்றவர்களுக்கு: கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக் இருக்கிறது. மாவட்டங்களில் பெரிய அரச வைத்தியசாலைகளோடு எஸ்.டி.டி. கிளினிக் இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம், பெயர் வெளியே போகாது. தொற்றிய முதற்சில வாரங்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், ஆகவே மறுபடி வரச் சொன்னால் போக வேண்டும். ஊசி குத்தியோ வேறு வழியிலோ நேற்று முந்தாநாள் ஏதும் நடந்து பயமாக இருந்தால் அதற்கும் மருந்து உண்டு, 28 நாள் குடிக்க வேண்டும். ஆனால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. வெள்ளிக்கிழமை நடந்தால் திங்கள் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள்.